பின்னறைச் சிலிண்டர்கள்

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். எங்கள் வீட்டிலும் ஓர் ஏசி உண்டு. பின்னறைச் சுவரில் மாட்டி, தூசி படாமல் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். வருஷக்கணக்கில் அதைப் போட்டதில்லை. போட வேண்டுமானால் ஜன்னலை மூட வேண்டும். ஜன்னலை மூடக் கூடாது, ஏனென்றால் அறை முழுக்க சிலிண்டர். இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். முன்னறையில் மத்தியான வெயிலில் வெந்துகொண்டு கிடந்தது அவர்களா, நானா?

முதலில் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குகள் உதிரிபாகம் வாங்குகிற தெருவில் போய் "ஜில்லு" என்று கேட்டால்தான் இவரைத் தெரியும். பெயர்தான் ஜில்லு, ஆளைப் பார்த்தால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி இருப்பார். ஏசியில் இரண்டு பெட்டி உண்டல்லவா, அறைக்குள் ஒன்று, வெளிச்சுவரில் ஒன்று. உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் இழுத்து அந்த வெளிப்பெட்டிதான் தெருப்பக்கம் ஊதும். அந்த ஊதலுக்கு எதிரே, மூன்றாவது மாடியிலோ நாலாவது மாடியிலோ, பாதம் பாதிதான் பதிகிற விளிம்பில் நின்றுகொண்டு இவர் ஸ்பானர் பிடிப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பிழைப்பு. ஊரார் வீட்டுச் சூடெல்லாம் இவர் முகத்தில்தான். முட்டி இரண்டும் போய்விட்டன. இடது கையில் இரண்டு விரல்களில் உணர்ச்சி கிடையாது, எப்போதோ ஏசிக்குள் இருக்கிற கேஸ் பட்டு மரத்தவை. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார். அது வெளிப்பெட்டி இரைச்சல் காதைக் கெடுத்ததாலா, கூப்பிடுவது நான் என்பதாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குச் சுவரில் வேலை, எனக்குப் போனில் வேலை. யார் கூப்பிட்டாலும் எடுப்பது நான்தான். வெயில் காலத்தில் ஏசி ஓடாத வீட்டிலிருந்து வருகிற போனை ஒரு நாள் எடுத்துப் பாருங்கள், மனுஷர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று தெரியும். "நேத்தே வரேன்னாரு, நாங்க என்ன சாகறதா?" என்பார்கள். "கிளம்பிட்டாருங்க, இதோ வந்துட்டே இருக்காருங்க" என்பேன். அவர் அப்போது ஊரின் மறுகோடியில் யாருடைய சுவரிலாவது தொங்கிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பொய், அப்பப்பா, வாய் வலிக்கும் எனக்கு.

ஏசி கரண்டில் குளிர்கிறது என்றுதான் நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்டு ஓட்டுகிறது, அவ்வளவுதான். குளிர வைப்பது குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற கேஸ். குழாயில் ஓட்டை விழுந்தாலோ, அந்த கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரெசர் எரிந்தாலோ, உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க முடியும். எப்படி வெளியேற்றுவது? வால்வைத் திறந்துவிட வேண்டியதுதான். புஸ்ஸென்று போகும். வீட்டுக்காரர்கள் கொடுக்கிற டீயைக் குடித்து முடிப்பதற்குள் காலி. அப்புறம் ரிப்பேர், புது கேஸ், கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீடு. அவருக்குத் தெரிந்த மெக்கானிக் எல்லாருமே இப்படித்தான். இவரும் அப்படித்தான் இருந்தார், நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு நாள் பயிற்சி வகுப்பு. ஏதோ ஒரு திட்டமாம், மெக்கானிக்குகளை எல்லாம் கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் அந்தத் தெருவே கிளம்பிப் போனது. பாடம் எடுத்த அம்மா பூமி ஏன் சூடாகிறது என்று படம் போட்டுக் காட்டினாராம். நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்து நாம் விடுகிற புகை மேலே போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது, உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லை, பெரிய காரணம் அதுதான் என்றாராம். அதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள், புகை விடுகிறவன் வேறு யாரோதானே. அப்புறம் அந்த அம்மா இவர்கள் பக்கம் திரும்பினாராம். நீங்கள் திறந்துவிடுகிற கேஸ் ஒரு கிலோ போனால், அந்தப் புகை கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிலோ போனதற்குச் சமம் என்றாராம். மற்றவர்கள் அதற்கும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்தச் சாப்பாட்டையும் சாப்பிடாமல், வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தும் சாப்பிடாமல் இருந்தார்.

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

"நான் இதுவரைக்கும் எவ்ளோ விட்டிருப்பேன் தெரியுமா?"

"என்னத்தை?"

"கேஸைத்தான். ஒரு லாரி நிறைய இருக்கும். அதுக்கு எத்தனை லாரி புகைன்னு கணக்குப் பார்த்தா தலை சுத்துது."

"தெரியாமத்தானே பண்ணீங்க? ஊரே பண்ணுது."

"இப்போ தெரிஞ்சுபோச்சே," என்றார்.

அந்தத் "தெரிஞ்சுபோச்சே"யில் பிடித்தது எங்கள் வீட்டுக்கு வினை. வகுப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். ஏசிக்குள் இருக்கிற கேஸை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அடைக்கிற மிஷின். பெட்டி மாதிரி இருக்கும், கனம் என்றால் கனம், படியேற்ற இரண்டு ஆள் வேண்டும். அதைப் போட்டால் ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். மற்ற மெக்கானிக்குகள் ஒரு வாரம் தூக்கிச் சுமந்துவிட்டு, பரணில் ஏற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாலு வீடு பார்க்கிற நேரத்தில் மூன்று வீடு பார்த்துவிட்டு, நாலாவது வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்க யாருக்கு ஆசை?

இவருக்கு ஆசை. அதாவது இவருக்கு மிஷின், எனக்கு ஏச்சு. "ஜில்லு, உலகத்தையே சிலிண்டர்ல அடைச்சு வெச்சிருக்கியாமே? எங்களுக்கும் கொஞ்சம் குடேன்" என்று உதிரிபாகக் கடையில் கிண்டல் செய்வார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். யார் மேல் என்று கேட்காதீர்கள், கிண்டல் செய்தவர்கள் மேலா, சிரித்துவிட்டு வந்த இந்த மனுஷன் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை.

உறிஞ்சிய கேஸ் சுத்தமாக இருந்தால் ரிப்பேர் முடிந்ததும் அதே ஏசிக்குள் திருப்பிப் போட்டுவிடுவார். அதில் தொந்தரவு இல்லை. கம்ப்ரெசர் எரிந்திருந்தால் கேஸும் கெட்டுப்போயிருக்கும், எதற்கும் உதவாது. சில வீடுகளில் முன்னால் வந்த புண்ணியவான் இரண்டு மூன்று வகை கேஸைக் கலந்து அடித்துவிட்டுப் போயிருப்பான், அதுவும் உதவாது. அதையெல்லாம் பெரிய உலையில் போட்டு எரித்தால்தான் அழியுமாம். "சிலிண்டர் நிறைஞ்சதும் போன் பண்ணுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்று வகுப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாற்பது பேர் கேட்ட அந்த வார்த்தையை நம்பிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

முதல் சிலிண்டர் நிறைந்ததும் போன் செய்தார். அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். அப்புறம் வண்டி இல்லை என்றார்கள். அப்புறம் திட்டமே முடிந்துபோனது. அந்த நம்பர் இப்போது யார் வீட்டுக்கோ போய்விட்டது. "இது வீடுங்க" என்று ஒரு அம்மா சொல்வார். இவர் விடாமல் அவ்வப்போது போட்டுப் பார்ப்பார், அந்த நம்பரைத் திட்டத்துக்காரர்களுக்கே திரும்பக் கொடுத்திருப்பார்களோ என்று. போன தடவை அந்த அம்மா, "இன்னும் வந்து எடுக்கலீங்களா?" என்று இவரையே விசாரித்தாராம். ஊரில் இவருடைய சிலிண்டரைப் பற்றிக் கவலைப்பட்டது நானும் அந்த அம்மாவும்தான்.

ஒன்று இரண்டானது, இரண்டு பத்தானது. நிறைந்த சிலிண்டரைச் சூடான இடத்தில் வைக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறும். இவர் சாமான் போட்டு வைக்கிற சின்னக் கடையோ தகரக் கூரை. மொட்டை மாடி பேச்சுக்கே இடமில்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்தால் அக்கம்பக்கத்தார், வெடித்துவிடும் என்று சண்டைக்கு வந்தார்கள். வெயில் படாமல், காற்றோட்டமாக, எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிற ஒரே இடம் எங்கள் வீட்டுப் பின்னறை. பக்கத்தில் உயரமான கட்டடம், அதன் நிழல் நாள் முழுக்க விழும். அது எங்கள் மகளின் அறை. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் சிலிண்டர்கள் குடிவந்தன. கசிந்தால் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்தார். நான் அவர்களுக்குத் தரை பெருக்கினேன். அவர்களுக்கு என்கிறேன் பாருங்கள், குடும்பத்து ஆட்கள் மாதிரி.

இத்தனையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். எனக்கு உள்ளூர அவர் மேல் பெருமை இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத ஒன்றைச் செய்கிற ஆள். அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் இரண்டு சிலிண்டர் கூடக் கொண்டு வருவார் என்ற பயம்.

போன வெயில் காலம் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டியது. காலை எட்டு மணிக்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். தெருவில் நாய்கூட இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போட, கரண்டு நின்று நின்று வந்தது, வரும்போதெல்லாம் நாலு கம்ப்ரெசர் எரிந்தது. போன் ஓயவில்லை. இவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் உப்புப் பூத்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தார். "வருஷா வருஷம் சூடு ஏறுது, ஏற ஏற ஏசி போடறாங்க, போடப் போட இன்னும் ஏறுது. நான் நடுவுல நின்னு ஸ்பானர் பிடிச்சுட்டிருக்கேன்" என்பார்.

அந்த நேரத்தில்தான் மகள் குழந்தை பெற்றாள். பெண் குழந்தை, நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஒரு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மகள் குடியிருப்பது கடைசி மாடியில், தலைக்கு மேலே நேராகக் கூரை. அங்கே அரை நாள் கரண்டு கிடையாது. ஒரு மத்தியானம் குழந்தை துவண்டுவிட்டது. பால் குடிக்கவில்லை, அழவில்லை, தொட்டால் நெருப்பு. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இந்த வெயில் போகிறவரை குளிர்ச்சியான இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும், இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நாங்க அங்க வரோம். என் ரூமைக் குடுப்பியா?" என்று கேட்டாள். பெற்ற வீட்டில், தன் அறையை, இப்படிக் கேட்க வேண்டிய நிலைமை. போனை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர் வருகிறவரை காத்திருந்து, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ரூம் காலியாகணும்."

"காலி பண்ணிடலாம். எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"அது எனக்குத் தெரியாது. தொறந்து விடுங்க, கடாசுங்க, என்ன வேணா பண்ணுங்க. கைக்குழந்தையை அந்த கேஸ் பக்கத்துல படுக்க வெக்க முடியாது. முன்னறையில ஏசியையே மாட்டினாலும் கரண்டு போனா வெந்துடும். உங்களுக்குப் பேத்தி வேணுமா, சிலிண்டர் வேணுமா?"

கேட்கக் கூடாத கேள்விதான். கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு நாள், வேலைக்கு நடுவே நடுவே, யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் தூரத்தில் இருக்கிற ஒரு சிமெண்ட் ஆலையில் ஓர் அதிகாரி கிடைத்தார். சிமெண்ட் வேக வைக்கிற உலை பயங்கரச் சூடு, அதில் விட்டால் இந்த கேஸ் இருந்த இடம் தெரியாமல் அழிந்துவிடும், கொண்டு வாருங்கள் என்றாராம். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இருக்குதும்மா, வழி இருக்குது! கொண்டு வரச் சொல்லிட்டாங்க!" என்று சின்னப் பையன் மாதிரி குதித்தார், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே ஒரு மினி லாரி பிடித்தோம். சிலிண்டர்களை நிற்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஈரச் சாக்கு போர்த்தி, ஊற்றிக்கொண்டே போக ஒரு டிரம் தண்ணீரும் ஏற்றினார். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். இவரைத் தனியே அனுப்பினால் வழியில் யாருடைய ஏசியையாவது ரிப்பேர் பார்க்க இறங்கிவிடுவார்.

ஆலை வாசலில் அந்த அதிகாரியே வெயிலில் தலைக்கவசத்தோடு இறங்கி வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தி கொண்டு வருகிறவர்கள் அப்படித் தரையைப் பார்த்து நடக்க மாட்டார்கள்.

"தப்பு என் மேலதாங்க," என்றார். "இந்த கேஸை எரிக்க எங்களுக்கு அனுமதி வந்துடும்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பி உங்களை வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு விசாரிச்சா, இன்னும் வரலையாம். கூப்பிட்டுச் சொல்றதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க."

"எப்போ வரும் சார்?"

"தெரியலீங்க."

"அதுவரைக்கும் இங்க ஒரு ஓரமா வெச்சுட்டுப் போகட்டுமா? பாதுகாப்பா மூடித்தான் இருக்கு. ஒரு நிழல் போதும் சார்."

"வெச்சுக்கிட்டா என் வேலை போயிடுங்க."

உள்ளே போய்க் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொண்டு வந்து தன் கையாலேயே கொடுத்தார். "நீங்க பண்றது பெரிய விஷயங்க" என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், அந்த ஆளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு என் ஆத்திரத்தையாவது தீர்த்துக்கொண்டிருப்பேன்.

திரும்பி வருகிற வழியில் டிரம்மில் தண்ணீர் தீர்ந்துபோனது. சாக்கு காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டது. உச்சி வெயில். சாலையில் தார் இளகி டயர் ஒட்டி ஒட்டி விட்டது. டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பக்கமும் வெறும் பொட்டல், ஒரு வீடு வாசல் கிடையாது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. தொட்டுப் பார்த்தேன், சுடுது. இதுக்கு மேல ஓட்ட எனக்குப் பயமா இருக்கு. இங்க ஆளே இல்ல. தொறந்து விட்டுட்டுப் போயிடலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

இவர் என்னைத்தான் பார்த்தார். இரண்டு நாளாக "தொறந்து விடுங்க, தொறந்து விடுங்க" என்று கத்தியவள் நான். அந்த இடத்தில், அந்த முகத்தைப் பார்த்ததும், எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"வேணாங்க," என்றேன். "எங்கயாவது தண்ணி பிடிச்சு ஊத்தி, வீட்டுக்கே கொண்டு போயிடலாம்."

"பாப்பா எங்க படுக்கும்?"

"முன்னறையில ஈரத்துணி கட்டறேன். நான் முழிச்சிருந்து விசிறறேன்."

"இன்னொரு தடவை அந்த உடம்பு தாங்காதுன்னாங்கன்னு நீதானே சொன்னே."

அவர் இறங்கினார். எங்கள் இருவரையும் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தானே இறக்கி வரிசையாக வைத்தார். டிரைவர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். முதல் வால்வில் கை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றார். அப்புறம் திருகினார்.

அந்தச் சத்தம் இருக்கிறதே. எங்கள் வீட்டில் நாங்கள் மறந்தே போயிருந்த சத்தம். புஸ்ஸென்று ஆரம்பித்து, நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. எரிந்த எண்ணெய் வாடை கொஞ்சம் வந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் வெளுத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பனி. அந்தக் கொளுத்துகிற வெயிலில், கேஸ் வெளியே போகப் போக, இரும்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி படர்கிறது. டிரைவருக்கு ஒரே ஆச்சரியம். "ஐயோ, என்னமா இருக்கு, வந்து தொட்டுப் பாருங்கக்கா!" என்று இரண்டு கையையும் அதில் வைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். நானும் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. அந்த வெயில் காலம் முழுக்க என் உடம்பில் பட்ட ஒரே குளிர்ச்சி அதுதான். இவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

கடைசிச் சிலிண்டர் அடங்குகிறவரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடங்கியதும் எல்லா வால்வையும் மறுபடி திருகி இறுக்கி மூடினார். காலிச் சிலிண்டரை எதற்கு மூடுகிறார் என்று நினைத்தேன். அவற்றை மறுபடி வண்டியில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று சாயங்காலமே பின்னறையைக் கழுவித் துடைத்தார். ஏசியின் மேலிருந்த விரிப்பை எடுத்து உதறி, உள்ளும் வெளியும் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்து, ஜன்னலை மூடினார். கரண்டு போனால்கூட அந்த அறை சீக்கிரம் சூடேறாது. காலிச் சிலிண்டர்களை மாடியில் அடுக்கினார். அவற்றை இனி எங்கே வைத்தாலும் ஒன்றுமில்லையே.

மறுநாள் மகள் வந்தாள். குழந்தையைப் பின்னறையில் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அது கை காலை உதைத்துக்கொண்டு, பால் கேட்டுக் கத்த ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"சிலிண்டரெல்லாம் எங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் நின்றிருந்த அவர், "எடுத்துக்கிட்டாங்கம்மா," என்றார்.

"நிஜமாவாப்பா? கடைசியில வந்துட்டாங்களா?" அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "அப்பா ஜெயிச்சுட்டாருங்க. அத்தனை பேர் கேலி பண்ணாங்களே, ஒரு கிலோகூட வெளிய விடாம பத்திரமா ஒப்படைச்சுட்டாரு. பாப்பா பெரியவளானதும் நான் சொல்லுவேன், உன் தாத்தா உனக்காக என்ன பண்ணாரு தெரியுமான்னு." அவர் அங்கேயே நின்று முழுவதையும் கேட்டார். போனில் நான் சொல்கிற பொய்க்கே முகம் சுளிக்கிற மனுஷன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், குழந்தையைப் பார்க்க உள்ளே வராமலே போய்விட்டார். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

அதற்கடுத்த நாள் காலையில் போன். யார் வீட்டிலோ கம்ப்ரெசர் எரிந்துவிட்டதாம். அவரிடம் சொன்னேன். மாடிக்குப் போனார். இறங்கி வரும்போது ஒரு காலிச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் அந்த மிஷினும் தயாராக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"என்னங்க, மறுபடியும் ஆரம்பிக்கறீங்களா?"

"எரிஞ்ச கம்ப்ரெசர். உள்ள இருக்கறது கெட்டுப்போன கேஸ்."

"அதான் கேக்கறேன். இது நிறைஞ்சா எங்க வெப்பீங்க? பாப்பா தலைமாட்டுலயா?"

"அதுக்குள்ள அந்த ஆபீசருக்கு அனுமதி வந்துடும்."

"வரலைன்னா?"

அவர் சிலிண்டரைக் கீழே வைத்தார். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே மகள் குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பெரியவளாகி, ஏன் தொறந்து விட்டீங்கன்னு என்னைக் கேட்டா, ஒரு தடவைக்குத்தான் என்கிட்ட பதில் இருக்கு," என்றார். "ரெண்டாவது தடவைக்கு இல்ல."

மிஷினை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தார், முட்டி மடங்கியது. நான் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் நின்று நின்று படியிறங்கினோம்.